புது இன்ஜெக்டர் மாட்டியபின் இன்ஜின் ட்யூனிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது இன்டேக் மேனிஃபோல்டில் பெட்ரோல் தெளிக்கும் சாதாரண இன்ஜெக்டர்களைப் பற்றி மட்டும். ப்ரோகிராம் செய்யக்கூடிய ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), அல்லது ரீமேப் செய்யப்பட்ட, அதாவது உள்ளே உள்ள எண்கள் மாற்றி எழுதப்பட்ட ஒரிஜினல் ஈசியூ உள்ள வண்டிகளுக்கு இது பொருந்தும். சிலிண்டருக்குள் நேரடியாக அடிக்கும் டைரக்ட் இன்ஜெக்ஷனுக்குப் பொருந்தாது. அதன் பிரஷர் 100 பாருக்கு மேல், அதை இயக்கும் மின்சுற்றான டிரைவர் சர்க்யூட்டும் வேறு.

பெரிய இன்ஜெக்டர் போட்டாலே பவர் கூடுமா?

கூடாது. இன்ஜெக்டர் பெட்ரோலைத்தான் தரும், காற்றைத் தராது. டர்போ, கேம், ஹெட் வேலை என்று காற்று கூடிய பிறகு பழைய இன்ஜெக்டரால் ஈடுகொடுக்க முடியாத நிலை வரும்போதுதான் பெரியது தேவை.

எந்த சைஸ் வாங்குவது?

கிராங்கில் எதிர்பார்க்கும் குதிரைத்திறனை வைத்துக் கணக்கிடுங்கள். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு சுமார் 5.25 சிசி, டர்போ இன்ஜினுக்கு 6.3 முதல் 6.8 சிசி. வந்த தொகையை இன்ஜெக்டர் எண்ணிக்கையால் வகுத்து, பிறகு 0.85 ஆல் வகுக்க வேண்டும். இன்ஜெக்டர் 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பதற்காக இந்தக் கடைசி வகுத்தல்.

உதாரணம்: நான்கு சிலிண்டர் டர்போ, 300 குதிரைத்திறன். 300 × 6.3 = 1890. நான்கால் வகுத்தால் 472. அதை 0.85 ஆல் வகுத்தால் 556. ஆக 600 முதல் 650 சிசி இன்ஜெக்டர் போதும்.

"எதற்கும் இருக்கட்டும்" என்று 1200 சிசி வாங்குவது தலைவலியை விலைக்கு வாங்குவது. 2.0 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் முழுக்கக் காற்று நிரம்பினால் 440 சிசி இன்ஜெக்டர் சுமார் 7.5 மில்லி செகண்ட் திறந்திருக்க வேண்டும். 880 சிசி என்றால் 3.7 போதும். ஐடிலிங்கில் மேனிஃபோல்ட் பிரஷர் 35 கிலோபாஸ்கல், காற்று நிரம்பும் திறன் 55 சதவீதம் என்று வைத்தால், 880 சிசி இன்ஜெக்டர் உண்மையில் பெட்ரோல் விடும் நேரம் ஏறத்தாழ 0.7 மில்லி செகண்ட். இவ்வளவு குறுகிய நேரத்தில் பல இன்ஜெக்டர்கள் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு விடுவதில்லை. ஐடிலிங் ஆட்டம் அங்கிருந்து தொடங்குகிறது. தரமான நவீன இன்ஜெக்டர்கள் இதைப் பெருமளவு சமாளிக்கும். பழைய டிசைன் பெரிய இன்ஜெக்டர்கள் சமாளிக்காது.

பெட்டியில் 440 சிசி என்று இருக்கிறது. அப்படியே ஈசியூவில் போடலாமா?

எந்தப் பிரஷரில் அளந்த 440 என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் 3 பார். உங்கள் ரெகுலேட்டர் 4 பாரில் நின்றால் அதே இன்ஜெக்டர் 508 சிசி தரும், ஏனென்றால் ஃப்ளோ பிரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும். 4 ஐ 3 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 440 ஆல் பெருக்கினால் கிடைப்பது 508. பிரஷர் மூன்றில் ஒரு பங்கு கூடியும் பெட்ரோல் 15 சதவீதம்தான் கூடியிருக்கிறது.

உங்கள் வண்டியில் பிரஷர் எவ்வளவு என்பதை கேஜ் வைத்து அளந்துவிடுங்கள். மேனிஃபோல்ட் வேக்யூம் ஹோஸ் உள்ள ரெகுலேட்டர் என்றால் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டுப் பாருங்கள், அதுதான் பேஸ் பிரஷர். ஹோஸை மாட்டியதும் ஐடிலிங்கில் 3.0 பார் சுமார் 2.35 ஆக இறங்கும். இது கோளாறு இல்லை. இன்ஜெக்டரின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 3 பாராகவே இருக்க வேண்டும் என்பதற்காகவே இறங்குகிறது. 1 பார் பூஸ்டில் (டர்போ கூட்டும் காற்றழுத்தம்) கேஜ் 4 காட்ட வேண்டும்.

ரிட்டர்ன் லைன் இல்லாத சிஸ்டத்தில் ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாய்) பிரஷர் மாறாமல் நிற்கும், இன்ஜெக்டரின் குறுக்கே உள்ள வித்தியாசம்தான் மாறும். அந்த வகை வண்டியில் அதற்கான காம்பென்சேஷனை ஈசியூவில் ஆன் செய்யாமல் ட்யூன் செய்யத் தொடங்கக் கூடாது.

லோ இம்பீடன்ஸ், ஹை இம்பீடன்ஸ் எப்படித் தெரிந்துகொள்வது?

மல்டிமீட்டரை இன்ஜெக்டரின் இரண்டு பின்னிலும் வையுங்கள். 12 முதல் 16 ஓம் வந்தால் ஹை. 2 முதல் 4 வந்தால் லோ.

ஹை இம்பீடன்ஸுக்கு உருவாக்கிய ஈசியூவில் லோ இம்பீடன்ஸை நேரடியாக மாட்டினால் 14 வோல்ட்டில் 2 ஓம் வழியே 7 ஆம்பியர் ஓடும், டிரைவர் எரிந்துபோகும். பீக் அண்ட் ஹோல்ட் டிரைவர் (திறக்க அதிகக் கரண்டும், திறந்து வைக்கக் குறைந்த கரண்டும் தருவது) வைப்பதே முறையான தீர்வு. அது முடியாவிட்டால் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனித்தனியாக 6.8 ஓம், 25 வாட் ரெசிஸ்டர் வைக்கலாம். அப்படி வைத்தால் இன்ஜெக்டர் மெதுவாகத் திறக்கும், டெட் டைம் (சிக்னல் இருந்தும் பெட்ரோல் விடாத நேரம், கீழே விளக்கம்) கூடும். ரெசிஸ்டர் இல்லாமல் அளந்த டேட்டா அதன்பின் செல்லாது.

மாட்டும்போது எங்கே தவறு நடக்கிறது?

பெரும்பாலும் ஓ-ரிங்கில். முதலில் இன்ஜின் ஆறட்டும். பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு இன்ஜினை ஓட்டி, தானாக நிற்கும்வரை விடுங்கள். ரெயில் பிரஷர் இறங்கிவிடும். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

புது ஓ-ரிங்கில் சுத்தமான இன்ஜின் ஆயில் ஒரு துளி தடவி, நேராக அழுத்துங்கள். சிலிகான் கிரீஸ் வேண்டாம். அழுத்தும்போது திருகினால் ஓ-ரிங் மடிந்து வெட்டுப்படும். மேல் ஓ-ரிங் வெட்டுப்பட்டால் பெட்ரோல் வெளியே கசியும், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும். கீழ் ஓ-ரிங் வெட்டுப்பட்டால் காற்று உள்ளே இழுக்கும். அது கண்ணுக்குத் தெரியாமல் அந்த ஒரு சிலிண்டரை மட்டும் லீனாக்கும் (காற்றுக்குப் பெட்ரோல் குறைந்தால் லீன், மிகுந்தால் ரிச்). ரெயிலை இறுக்கியபின் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். லேசாகச் சுழன்றால் சரி. இறுகி நின்றால் ரெயில் ஸ்பேசரின் உயரம் பொருந்தவில்லை.

ஒரு சிலிண்டருக்கு இரண்டு இன்டேக் வால்வு உள்ள இன்ஜினில் இரட்டைத் தாரை இன்ஜெக்டரை அதன் திசை பார்த்து வைக்க வேண்டும். 90 டிகிரி திருப்பி வைத்தால் பெட்ரோல் வால்வில் விழாமல் போர்ட் சுவரில் வழியும். வண்டி ஓடும், ஆனால் குளிரில் திணறும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவியை ஆன்-ஆஃப் என்று மூன்று நான்கு முறை போட்டு பம்பை ஓடவிடுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் அடியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஈசியூவில் என்னென்ன மாற்ற வேண்டும்?

இன்ஜெக்டர் ஃப்ளோ, வோல்டேஜ்வாரியாக டெட் டைம், கிராங்கிங் பல்ஸ் (ஸ்டார்ட்டர் சுற்றும்போது இன்ஜெக்டருக்குப் போகும் சிக்னலின் நீளம்). ஃப்யூயல் டேபிளை இப்போதைக்குத் தொடாதீர்கள். காற்று நிரம்பும் திறனைச் சதவீதமாக வைத்திருக்கும் விஇ டேபிள் என்றால், இன்ஜெக்டர் மாறியதால் அது மாற வேண்டிய காரணமே இல்லை. இன்ஜின் இழுக்கும் காற்று அதேதான். புது இன்ஜெக்டர் மாட்டியதும் விஇ டேபிள் முழுக்கத் திருத்த வேண்டியிருந்தால், இன்ஜெக்டர் டேட்டா தவறு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மில்லி செகண்டில் எழுதப்பட்ட பழைய வகை டேபிள் என்றால் எண்களை மாற்றத்தான் வேண்டும். இங்கே பலர் சறுக்குகிறார்கள். 440 இலிருந்து 650 க்குப் போனால் விகிதம் 0.677. பழைய செல்லில் 3.0 மில்லி செகண்ட் இருந்தது, அதில் பழைய டெட் டைம் 0.8 அடங்கியிருந்தது என்று வைப்போம். பெட்ரோல் விட்ட நேரம் 2.2. அதை மட்டும் 0.677 ஆல் பெருக்கினால் 1.49. புது டெட் டைம் 0.95 ஐச் சேர்த்தால் 2.44. மொத்தத்தையும் கண்ணை மூடிக்கொண்டு பெருக்கியிருந்தால் 2.03 வந்திருக்கும், அந்த இடத்தில் பெட்ரோல் 27 சதவீதம் குறைந்திருக்கும்.

கிராங்கிங், வார்ம்-அப் எண்கள் சதவீதத்தில் இருந்தால் தானாகவே பொருந்திவிடும். மில்லி செகண்டில் இருந்தால் அவற்றுக்கும் இதே கணக்கு.

டெட் டைம் என்று இவ்வளவு அலட்டிக்கொள்வது ஏன்?

ஈசியூ சிக்னல் கொடுத்ததும் இன்ஜெக்டர் உடனே திறப்பதில்லை. காயில் காந்தமாகி, ஊசி எழும்பத் தாமதம் ஆகிறது. சிக்னல் நின்றபின் மூடவும் கொஞ்ச நேரம் ஆகிறது, ஆனால் அது குறைவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே டெட் டைம். 14 வோல்ட்டில் பொதுவாக 0.6 முதல் 1.0 மில்லி செகண்ட். பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் இது ஏறும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10 வோல்ட்டுக்கு இறங்கினால் இரட்டிப்பைத் தொடுவதும் உண்டு. ஃப்யூயல் பிரஷர் கூடினாலும் பொதுவாக ஏறும்.

இதில் 0.2 மில்லி செகண்ட் தவறு என்று வையுங்கள். ஐடிலிங்கில் பெட்ரோல் விடும் நேரம் 1.2 என்றால் 17 சதவீதப் பிழை. ஃபுல் லோடில் 12 என்றால் 1.7 சதவீதம்தான். மேலே அழகாக ஓடும் வண்டி கீழே ஆடுவதற்கு இதுவே காரணம்.

லாக்கை (ஓடும்போது பதிவாகும் எண்களை)ப் பார்த்தே பிரித்தறியலாம். எல்லா லோடிலும் ஒரே சதவீதம் லீனாகவோ ரிச்சாகவோ இருந்தால் ஃப்ளோ எண் தவறு. சிறிய பல்ஸில் பெரிய பிழையும் பல்ஸ் நீள நீளச் சிறிய பிழையும் இருந்தால் டெட் டைம் தவறு.

இன்ஜெக்டருடன் டேட்டா ஷீட் வரவில்லையே?

ஃப்ளோ, டெட் டைம் இரண்டும் எழுதிக் கொடுக்காத செட்டை வாங்காமல் இருப்பதே நல்லது. வாங்கிவிட்டீர்கள் என்றால், இன்ஜினிலேயே தோராயமாகக் கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் உண்டு. இரண்டுக்கும் இன்ஜின் நன்றாகச் சூடாகி, லேம்ப்டா கரெக்ஷன் (எக்ஸாஸ்ட் சென்சாரைப் பார்த்து ஈசியூ தானே செய்யும் திருத்தம்) ஆஃபில் இருக்க வேண்டும். லேம்ப்டா 1 என்றால் காற்றும் பெட்ரோலும் சரியான விகிதம், அதற்கு மேலே லீன், கீழே ரிச்.

முதல் சோதனை: த்ராட்டிலை 1800 ஆர்பிஎம்மில் அசையாமல் நிறுத்துங்கள். சைக்கிளுக்கு ஒரு தெளிப்பு என்பதை இரண்டாக மாற்றுங்கள். மொத்தப் பெட்ரோல் மாறக் கூடாது, ஆனால் டெட் டைம் இருமுறை கழியும். லேம்ப்டா லீன் பக்கம் போனால் ஈசியூவில் உள்ள டெட் டைம் குறைவு. ரிச் பக்கம் போனால் அதிகம். அசையாத எண் வரும்வரை 0.05 மில்லி செகண்டாக நகர்த்துங்கள்.

இரண்டாவது: அதே ஆர்பிஎம்மில் ஹெட்லைட், ப்ளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் ஆன் செய்து வோல்டேஜை இறக்குங்கள். வோல்டேஜ் இறங்கும்போது லீனானால் குறைந்த வோல்டேஜ் பக்கத்து டெட் டைமை ஏற்ற வேண்டும். இன்ஜின் வேகமும் மேனிஃபோல்ட் பிரஷரும் மாறிவிட்டால் சோதனை பொய் சொல்லும். அதனால்தான் இதை ஐடிலிங்கில் செய்வதில்லை.

ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக் நனைந்திருக்கிறது.

கிராங்கிங் பல்ஸ் அதிகம். முதலில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டு சுற்றுங்கள். பெரும்பாலான ஈசியூக்கள் அந்த நிலையில் பெட்ரோலை நிறுத்திவிடும், சிலிண்டர் காயும். பிறகு கிராங்கிங் எண்ணை 20 சதவீதம் குறைத்து முயலுங்கள். பிளக் காய்ந்தே இருந்தால் எதிர்ப்பக்கம் போங்கள். ஆனால் அதற்குமுன் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். அடாப்டர் கனெக்டரில் பின் உள்ளே தள்ளிப் போயிருப்பது சகஜம்.

வைட்பேண்ட் சென்சார் (லேம்ப்டாவை எண்ணாகவே காட்டும் எக்ஸாஸ்ட் சென்சார்) இல்லாமல் முடியாதா?

முடியாது. வண்டியுடன் வந்த நேரோபேண்ட், லேம்ப்டா 1 க்கு மேலா கீழா என்று மட்டும் சொல்லும். 0.80 க்கும் 0.90 க்கும் உள்ள வித்தியாசம் அதற்குத் தெரியாது.

டர்போ வண்டியில் டர்பைனுக்குப் பின்னால் வையுங்கள். தண்ணீர் தேங்காதபடி சென்சாரின் வால் பக்கம் கிடைக்கோட்டிலிருந்து குறைந்தது 10 டிகிரி மேலே இருக்க வேண்டும். சென்சாருக்குக் கரண்ட் தராமல் இன்ஜினை ஓட்டினால் கரி படிந்து கெட்டுவிடும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்த சென்சார் பார்ப்பது ஆக்ஸிஜனை, பெட்ரோலை அல்ல. ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தால் எரியாத காற்று அப்படியே வெளியேறி, மீட்டர் லீன் காட்டும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் மிஸ் இன்னும் மோசமாகும். எக்ஸாஸ்ட் கேஸ்கெட் கசிந்தாலும் இதே பொய்தான். வண்டி குலுங்கிக்கொண்டே லீன் காட்டினால் முதலில் பிளக்கையும் காயிலையும் பாருங்கள்.

விஇ டேபிளை எந்த வரிசையில் திருத்துவது?

கூலன்ட் 80 டிகிரி தாண்டட்டும். லேம்ப்டா கரெக்ஷன், டிசெலரேஷன் ஃப்யூயல் கட் (வேகம் குறையும்போது பெட்ரோலை நிறுத்துவது) இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். ஆக்ஸிலரேஷன் என்ரிச்மென்ட் (ஆக்ஸிலரேட்டரை அழுத்தும் கணத்தில் தரும் கூடுதல் பெட்ரோல்) குறுக்கிட்ட லாக் வரிகளை ஒதுக்குங்கள். லாக்கில் ஆர்பிஎம், மேனிஃபோல்ட் பிரஷர், த்ராட்டில், லேம்ப்டா, பல்ஸ், டியூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரச் சதவீதம்), பேட்டரி வோல்டேஜ், கூலன்ட் மற்றும் இன்டேக் வெப்பம் இருக்க வேண்டும். ஃப்யூயல் பிரஷர் சென்சார் இருந்தால் பல நாள் குழப்பம் மிச்சம்.

ஐடிலிங், பிறகு லைட் லோட், பிறகு நடு லோட், கடைசியில் ஃபுல் லோட். ஒவ்வொரு செல்லிலும் இரண்டு மூன்று விநாடி நிலையாக நிறுத்துங்கள். எக்ஸாஸ்ட் புகை சென்சாரை எட்டத் தாமதம் உண்டு. குறைந்த ஆர்பிஎம்மில் அது நன்றாகவே தெரியும். திருத்தம் எளிது: பழைய விஇ × அளந்த லேம்ப்டா ÷ வேண்டிய லேம்ப்டா. செல்லில் 60, வேண்டியது 1.00, அளந்தது 1.08 என்றால் புது எண் 64.8.

திருத்திய டேபிளை முப்பரிமாணப் படமாகப் பாருங்கள். ஒரு செல் மட்டும் கூம்பாக எழும்பி நின்றால் இன்ஜின் அப்படிக் காற்று இழுக்காது. அந்த லாக்கைச் சந்தேகியுங்கள். ஆட்டோ-ட்யூன் வசதியை விடிய விடிய ஓடவிட்டால் இப்படித்தான் மேடும் பள்ளமுமாக வந்து நிற்கும்.

ஃபுல் லோடைப் பொதுச் சாலையில் செய்யாதீர்கள். டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே லோடு கொடுத்து ஓட்டும் கருவி) செய்யுங்கள். இக்னிஷனை 3 முதல் 5 டிகிரி பின்னிழுத்து, ரிச்சாகத் தொடங்கி, நாக்கிங்கை (கலவை கட்டுப்பாடின்றி எரிவதால் வரும் தட்டல் ஓசையை)க் கேட்டுக்கொண்டே மெல்ல நகருங்கள்.

எந்த லேம்ப்டாவைக் குறிவைப்பது?

ஐடிலிங் 0.95 முதல் 1.00. ஒரே வேகப் பயணத்தில் 1.00. டர்போ இல்லாத இன்ஜின் ஃபுல் லோடில் 0.86 முதல் 0.90. டர்போவுக்கு 0.78 முதல் 0.82. 14.7, 12.5 என்ற ஏர்-ஃப்யூயல் எண்களைவிட லேம்ப்டா மேல். எத்தனால் கலந்தால் அந்த எண்கள் மாறிவிடும், லேம்ப்டா மாறாது.

ஏர்ஃப்ளோ சென்சார் ரீடிங்கைக் குறைத்துக் காட்டினால் பெரிய இன்ஜெக்டர் பொருந்திவிடும் என்கிறார்களே?

பொருந்தும், இன்ஜினையும் கெடுக்கும். இன்ஜெக்டர் 25 சதவீதம் பெரிது என்று ஏர்ஃப்ளோவை 20 சதவீதம் குறைத்துக் காட்டினால் பெட்ரோல் கணக்கு சரியாகிவிடும். ஆனால் ஈசியூ லோடு குறைவு என்றே நம்பி, லைட் லோடுக்கான இக்னிஷன் அட்வான்ஸை (ஸ்பார்க் முந்தி அடிக்கும் அளவை) எடுக்கும். உண்மையான லோடோ அதிகம். விளைவு நாக்கிங், பிறகு உடைந்த பிஸ்டன் லேண்ட் (பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையே உள்ள விளிம்பு). மீட்டரில் லேம்ப்டா கச்சிதமாகத் தெரிவதால் காரணம் யாருக்கும் புலப்படாது. இன்ஜெக்டர் டேட்டாவையே மாற்ற வழியில்லாத ஈசியூ என்றால், வேறு ஈசியூ தேடுவதே மேல்.

ஆக்ஸிலரேட்டரைத் தட்டினால் ஒரு கணம் இழுக்காமல் நிற்கிறது.

முதலில் நிலையான விஇ சரியாகட்டும், அதுவரை இதைத் தொட வேண்டாம். பிறகு லாக்கில் அந்தக் கணத்தைப் பாருங்கள். லீன் உச்சி தெரிந்தால் என்ரிச்மென்டை 10 சதவீதமாகக் கூட்டுங்கள். ரிச் பள்ளம் என்றால் குறையுங்கள். முதலில் லீன், பிறகு நீண்ட ரிச் என்றால் அளவு போதும், அது தேய்ந்து முடியும் நேரத்தைச் சுருக்க வேண்டும்.

டியூட்டி சைக்கிள் 95 காட்டுகிறது, வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது?

7000 ஆர்பிஎம்மில் ஒரு முழு சைக்கிள் 17.1 மில்லி செகண்ட். அதில் 85 சதவீதம் 14.6. அதற்கு மேல் போனால் ஊசி மூடி முடிப்பதற்குள் அடுத்த சிக்னல் வந்துவிடும். பெட்ரோல் அளவு ஈசியூவின் கட்டுப்பாட்டில் இருக்காது. குளிர்ந்த காற்றில் பூஸ்ட் கொஞ்சம் ஏறினாலும் கொடுக்க மிச்சமில்லை.

மேல் ஆர்பிஎம்மில் எவ்வளவு கூட்டினாலும் லீனாகிறது.

டேபிளில் கூட்டுவதை நிறுத்துங்கள், அது பம்ப் பிரச்சினை. ரெயில் பிரஷரிலிருந்து மேனிஃபோல்ட் பிரஷரைக் கழித்துப் பாருங்கள். அந்த வித்தியாசம் 10 சதவீதம் சரிந்தால் பெட்ரோல் 5 சதவீதம் குறையும். பம்ப் கனெக்டரில் ஓடும்போது வோல்டேஜ் அளங்கள். பேட்டரியில் 14, பம்பில் 12 என்றால் ஒயர் மெல்லியது. தனி ரிலேயும் தடித்த ஒயரும் போட்டாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும். அடுத்து ஃபில்டர்.

மொத்த லேம்ப்டா சரி, ஒரு பிளக் மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

சென்சார் காட்டுவது எல்லா சிலிண்டர்களின் சராசரி. அந்த இன்ஜெக்டரைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். வெள்ளை கூடவே போனால் இன்ஜெக்டர் அடைப்பு, பெஞ்சில் ஃப்ளோ பார்க்கக் கொடுங்கள். நல்ல செட்டில் இன்ஜெக்டர்களுக்கிடையே 2 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்காது. போகாமல் அதே சிலிண்டரில் நின்றால் கீழ் ஓ-ரிங், மேனிஃபோல்ட் கேஸ்கெட்.

ஒரிஜினல் ஈசியூவில் ஃப்யூயல் ட்ரிம் (லேம்ப்டாவைப் பார்த்து ஈசியூ தானே செய்யும் பெட்ரோல் திருத்தம்) எவ்வளவு வரை இருக்கலாம்?

ஐடிலிங்கிலும் ஹைவே வேகத்திலும் கூட்டல் கழித்தல் 5 சதவீதத்துக்குள். 10 வரை பொறுக்கலாம். ட்ரிம்தான் சரிசெய்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. ஃபுல் லோடில் பல ஈசியூக்கள் லேம்ப்டாவைப் பார்ப்பதை நிறுத்திவிடும்.

85 சதவீத எத்தனால் போட இதே இன்ஜெக்டர் போதுமா?

ஒரே லேம்ப்டாவுக்குக் கன அளவில் சுமார் 40 சதவீதம் கூடுதல் தேவை. பெட்ரோலில் டியூட்டி 60 ஐத் தாண்டினால் போதாது. பம்பும் ஹோஸும் எத்தனால் தாங்குபவையா என்றும் பாருங்கள்.

ட்யூனிங் முடிந்ததும் ஆயில் மாற்ற வேண்டுமா?

மாற்றுங்கள். ரிச்சாக ஓடிய நேரமெல்லாம் பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கியிருக்கும். டிப் ஸ்டிக்கில் லெவல் ஏறியிருந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ, ட்யூனிங் முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். மாற்றிய பிறகும் லெவல் ஏறிக்கொண்டே போனால் ஏதோ ஒரு இன்ஜெக்டர் மூடியபின்னும் சொட்டுகிறது. வண்டி சூடாக நின்றபின் மறுபடி ஸ்டார்ட் ஆகத் தாமதமாவதும், ஸ்டார்ட் ஆனதும் கறுப்புப் புகை விடுவதும் அதன் அடையாளம். ரெயிலோடு சேர்த்து இன்ஜெக்டர்களைத் தூக்கி, இக்னிஷன் காயில் கனெக்டரைக் கழற்றிவிட்டு, பம்பை மட்டும் ஓடவிட்டு, நுனிகளுக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். எது நனைக்கிறதோ அதை மாற்றுங்கள்.